டிரம் வைத்து மிதவைப் படகு: இரண்டு பேர் நின்று வலை வீச எது தாங்கும்?

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு ஏரியின் மீன் பாசி குத்தகையை எங்கள் மாமா எடுத்திருக்கிறார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டிருக்கிறோம். ஜிலேபி மீன் தானாகவே பெருகிக் கிடக்கிறது. இப்போது லாரி டியூப்பின் மேல் பலகை கட்டி, அதில் உட்கார்ந்து கையால் துழாவித்தான் வலை விடுகிறோம். ஒரு ஆள்தான் உட்கார முடியும், காலெல்லாம் தண்ணீரில். வேலிகாத்தான் முள் குத்தினால் டியூப் போச்சு.

நின்றுகொண்டு வீச்சு வலை போட ஒரு மேடை வேண்டும். என் திட்டம் இதுதான்: 8 அங்குல பி.வி.சி. குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 10 அடி நீளம், முனைகளில் மூடி ஒட்டி, மேலே மூங்கில் தட்டி. நானும் தம்பியும் ஏறுவோம், ஆளுக்கு 70 கிலோ இருப்போம். தாங்குமா?

இன்னொன்று. கூட்டாளிகள் இரண்டு பேர், ஐப்பசி கார்த்திகையில் ஏரியில் வாத்து இறங்கும், அதனால் ஒளிந்து உட்கார ஒரு தட்டி மறைப்பும், துப்பாக்கி சாய்த்து வைக்க ஒரு தாங்கியும் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

அண்ணா, குழாய் வாங்குவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். கடையில் 8 அங்குலம் என்று கொடுப்பது 200 மி.மீ. வெளிவிட்டம் உள்ள குழாய். முழுவதும் முங்கினால் அது மீட்டருக்கு 31 லிட்டர் சொச்சம் தண்ணீரை விலக்கும். 10 அடியை 3 மீட்டர் என்று வைத்தால் ஒரு குழாய்க்கு 94 லிட்டர், இரண்டுக்கும் 188. எத்தனை லிட்டர் விலகுகிறதோ அத்தனை கிலோ தாங்கும், ஆக 188 கிலோ. குழாயின் சொந்த எடை 25 கிலோ பக்கம் போகும். நீங்கள் இருவரும் 140. மீதி இருக்கும் 23 கிலோவுக்குள் மூங்கில், நனைந்த வலை, பிடித்த மீன் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. ஏறி நின்றதும் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

சும்மா மிதந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்தப் பக்க மிதவை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கித்தான் அவரைத் தாங்கும். இறங்க இடமே இல்லாமல் ஏற்கெனவே முங்கியிருந்தால், அதற்குமேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. கவிழ்வது அப்போதுதான். அதனால் மொத்தத் தாங்குதிறனில் பாதியைத் தாண்டவே கூடாது. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் நிம்மதியாக வலை வீசலாம்.

தளி ரோடு எழுதியது:

12 அங்குலக் குழாய் போட்டால்?

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

12 அங்குலம் என்றால் 315 மி.மீ. மீட்டருக்கு 78 லிட்டர். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு போட்டால் 467 கிலோ தாங்கும். கணக்கு தேறுகிறது. ஆனால் அந்த விட்டத்தில் 6 மீட்டர் குழாய் எப்படியும் 50 கிலோவைத் தொடும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஒரு குழாய் ஒரே அறை என்பது எனக்குப் பெரிய குறை. நீரடியில் கிடக்கும் கட்டையில் மோதி ஓர் இடத்தில் விரிந்தால் ஒரு பக்கம் முழுவதும் காலி. பல வருட வெயிலில் பி.வி.சி. மொறமொறப்பாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே வேலைக்கு 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் 4 எடுத்தால் 800 லிட்டர். ஒரு டிரம் 9 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 36 கிலோதான். நான்கும் தனித்தனி அறை. டிரம் அடிபட்டால் நெளியும், சுலபத்தில் விரியாது. குழாய்க்கு இருக்கும் ஒரே நல்ல குணம், ஒல்லியாக நீளமாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். டிரம்முக்கு மூஞ்சி தட்டை, துடுப்புப் போட வேண்டும். ஏரிக்குள் நூறு இருநூறு மீட்டர் போய் வருவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அஞ்செட்டி மலை எழுதியது:

தம்பி, படகைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். நான் துப்பாக்கித் தாங்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது வேண்டவே வேண்டாம்.

வாத்து, சிறகி, நாரை எதுவானாலும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சுட்டு விழுந்தால்தான் குற்றம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பொறி வைப்பது, கண்ணி போடுவது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். ஏர்கன்தானே என்றும் தப்ப முடியாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தின் உச்சவரம்பை 25,000-இலிருந்து 1 லட்சமாக உயர்த்தினார்கள். 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, 7 வரை போகலாம்.

உன் படகு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தியதாகப் பறிமுதல் செய்யும் வண்டி, படகு, ஆயுதம், பொறி எல்லாம் அரசின் சொத்தாகிவிடும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. ஆசையாகக் கட்டிய படகு வனத்துறை வளாகத்தில் வெயிலில் கிடக்கும். மாமாவின் குத்தகைக்கும் அதோடு ஆபத்து.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் காவிரி ஓரம் பெரிய பகுதி சரணாலயம்தான். காவேரி வடக்கு 2014-இலும் காவேரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருந்தாலே அது தனி வழக்கு. நான் காட்டோரத்தில் குடியிருப்பவன். ஒரு முயலுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களைத் தெரியும். கூட்டாளிகளிடம் முகத்துக்கு நேராகவே முடியாது என்று சொல்லிவிடு.

தளி ரோடு எழுதியது:

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசே சொன்னதே, ஐயா?

அஞ்செட்டி மலை எழுதியது:

2025 தொடக்கத்தில் வந்த அறிவிப்பைச் சொல்கிறீர்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட வழி செய்தார்கள். சுடப் போவது வனத்துறையினர், நாமில்லை. விவசாயி மனு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

ஐயா, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. துப்பாக்கி, மறைப்பு இரண்டையும் எடுத்தாயிற்று. மீனுக்கு மட்டும்தான் படகு. கூட்டாளிகளுக்கு உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன், 39-ஆம் பிரிவைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

இப்போது டிரம். எங்கள் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. அங்கே பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறது, சாப்பிடும் பொருள் வந்ததுதானே, சுத்தமாக இருக்கும். அதையே வாங்கலாமா?

காவேரிப்பட்டணம் பட்டறை எழுதியது:

வேண்டாங்க. கூழ் அடைத்து ஏற்றுமதியாகும் டிரம் இரும்பு. மேல் மூடி வட்டமாக முழுசாகக் கழன்று வரும், சுற்றிலும் ஒரு கிளாம்ப் வளையம் போட்டு இறுக்குவார்கள். உள்ளே தனிப் பையில்தான் கூழ் இருக்கும். அதனால் தண்ணீர் புகாத அளவுக்கு அந்த மூடி இறுகவேண்டிய அவசியமே இல்லை. படுக்கவைத்துத் தண்ணீரில் போட்டால் அந்த வளையத்தின் வழியாகக் கசியும். தகடும் மெல்லிசு, ஒரு மழைக்காலத்தில் துரு ஓட்டை போட்டுவிடும். எடையும் பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு.

உங்களுக்கு வேண்டியது, மேல்பக்கம் மூடியே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்து, இரண்டு சின்னத் திருகு மூடி மட்டும் உள்ள நீல டிரம். மூடி முழுசாகத் திறக்கும் பிளாஸ்டிக் டிரம்மும் விற்கிறார்கள், வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க நல்லது, படகுக்கு ஆகாது.

இப்போது சட்டம் (ஃபிரேம்) எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். என் பட்டறையில் மாட்டுக் கொட்டகை, டிரெய்லர், ஷெட் எல்லாம் செய்கிறேன். இந்த வேலையும் அதேதான், தண்ணீரில் நிற்கும் என்பது மட்டும் வித்தியாசம்.

ஒன்றரை அங்குல சதுர ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 2 மி.மீ. கனம். நீளவாக்கில் 8 அடியில் 4, குறுக்கே 6 அடியில் 5. நீளக் குழாய் நான்கையும் ஒரு பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே இடைவெளி விடுங்கள். டிரம்மின் முதுகு அந்த இடைவெளிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பக்கவாட்டில் உருளாது. பக்கத்துக்கு இரண்டு டிரம், ஒன்றன் பின் ஒன்றாக. முன்னாலும் பின்னாலும் நழுவாமல் இருக்க, டிரம்மின் விளிம்பு முட்டும் இடத்தில் சாண் நீளக் குழாய்த் துண்டை நட்டுவையுங்கள்.

டிரம்மைத் துளை போட்டு போல்ட் அடிக்க நினைக்காதீர்கள். லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் இருக்கிறதே, அதுதான் சரி. டிரம்முக்கு இரண்டு. பெல்ட் குழாய் முனையில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டால் அறுபடாது.

குறுக்குக் குழாயை வெல்டு வைக்காமல் போல்ட் போட்டு மாட்டுங்கள். 6 அடி அகலம் டாடா ஏஸில் ஏறாது, தொட்டி அகலம் 5 அடிக்கும் குறைவு. கழற்றிப் பூட்டும்படி இருந்தால் ஏரி வற்றும்போது வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் போடலாம்.

போல்ட் தலை மேலே, நட் கீழே இருக்கட்டும். மேலே நட் நீட்டிக்கொண்டிருந்தால் வலை அதில் மாட்டிக் கிழியும். வலைக்காரர்கள் படகில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்ன 6 அடி அகலத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், இந்த இழையில் நான் சொல்வதில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 58 செ.மீ. சட்டத்தின் வெளி ஓரத்தோடு டிரம்மின் வெளி ஓரமும் ஒட்டி நின்றால், இரண்டு வரிசையின் மையக்கோடுகளுக்கும் நடுவே 4 அடி வரும். பிளைவுட் பலகையும் 4 அடி அகலம், 8 அடி நீளம். அதை வெட்டாமல் நடுவில் அப்படியே போடுங்கள். பலகையின் ஓரம் டிரம்மின் மையக்கோட்டுக்கு நேர் மேலே முடியும். அதற்கு வெளியே கால் வைக்கப் பலகையே கிடையாது. நீங்கள் எவ்வளவு ஓரத்தில் நின்றாலும், தாங்கும் தண்ணீர் உங்களுக்கு நேர் கீழேயோ அதற்கு வெளியேயோதான் இருக்கும். அகலமான பலகை போட்டு டிரம்மை உள்ளே தள்ளிக் கட்டுகிறவர்கள்தான் கவிழ்கிறார்கள்.

எடைக் கணக்கு: டிரம் 36, குழாய் 44, 12 மி.மீ. பிளைவுட் 23, பெல்ட் போல்ட் 5. படகு மட்டும் 108 கிலோ. ஆட்கள் 140, வலையும் மீனும் 20. மொத்தம் 268. தாங்குதிறன் 800. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. டிரம் 21 செ.மீ., அதாவது ஒரு சாண்தான் முங்கும்.

இரண்டு பேரும் ஒரே ஓரத்துக்கு வந்து நின்றால்? 140 கிலோவும் அந்தப் பக்கம், மீதி 128-இல் பாதி 64. ஆக 204 கிலோ, அந்தப் பக்கத்தின் 400 லிட்டரில் பாதி. பாதி டிரம் இன்னும் வெளியே நிற்கும். படகு சாயும், கவிழாது. ஒரு பெரிய மீன் வலையோடு இழுக்கும்போது இரண்டு பேரும் தன்னையறியாமல் ஒரே பக்கம்தான் ஓடுவார்கள், அதனால்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

ஊட்டமலை பரிசல் எழுதியது:

எல்லோரும் இரும்பு, டிரம் என்று போகிறீர்கள். பரிசல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தார் பூசினால் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் தோல் போட்டார்கள். சின்னப் பரிசலை ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிப் போய்விடுவார். பாறை உரசினால் வளைந்து கொடுக்கும். ஒகேனக்கல் சுழலில் டிரம் படகை இறக்கிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் பாறையில் ஏறி நிற்கும்.

ஓட்டை விழுந்தாலும் ஒரு துண்டுச் சாக்கும் கொஞ்சம் தாரும் போதும், கரையிலேயே ஒட்டிவிட்டு மறுபடி இறங்கலாம். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் சொல்கிறேன். புதிதாகச் செய்ய நினைக்கிறவர் பரிசல் பின்னக் கற்றுக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

அண்ணா, பரிசல் மேல் எனக்கு மரியாதை உண்டு. பரிசலில் நின்று வீச்சு வலை போட முடியுமா?

ஊட்டமலை பரிசல் எழுதியது:

பழகியவர் போடுவார். புதிதாக ஏறுகிறவர் எழுந்து நின்றால் ஆள் தண்ணீரில்தான். பரிசலில் குந்தி உட்கார்ந்து தங்கு வலை விடலாம், எடுக்கலாம், தூண்டில் போடலாம். நின்று வீச வேண்டும், அசையாத ஏரித் தண்ணீர் என்றால் உங்களுக்கு மேடைதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆற்றில் மட்டும் அதை இறக்காதீர்கள். தண்ணீர் வரத்து கூடினால் எங்கள் பரிசலையே ஓட்டக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடுகிறது.

நாகமரைக் கரை எழுதியது:

நான் மேட்டூர் அணைத் தண்ணீர்ப் பக்கம், பென்னாகரம் தாலுகா. எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து மீன் தொழில்தான். தம்பி ஏரிக்குச் செய்கிறார், சரி. இதைப் படித்துவிட்டு வேறு யாராவது மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்திலோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ இதே அளவில் இறக்கப் பார்ப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரிய நீரில் பயப்பட வேண்டியது காற்றுக்குத்தான். ஆடியில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கும் காற்றில் அலை எழும்பும். டிரம் தட்டை மூஞ்சி என்று மேலே ஒருவர் சொன்னாரே, அந்த மூஞ்சியில் அலை அடித்தால் துடுப்புக்கு அடங்காது, காற்று தள்ளும் கரைக்குத்தான் போய்ச் சேர முடியும். அங்கிருந்து 108 கிலோவை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? அணையில் 120 அடி நிற்கும்போது இருக்கும் கரை வேறு, 60 அடிக்கு இறங்கியபின் இருக்கும் கரை வேறு. நடுவே சேறும் வெடிப்புமாக நெடுந்தூரம் கிடக்கும். பரிசல் அங்கே தலைமேல் போகும், இது போகாது.

அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 1934-இல் அணை கட்டி முடித்தபோது முங்கிய ஊர்களின் சுவரும் கட்டையும் இன்னும் உள்ளே இருக்கின்றன. தண்ணீர் இறங்கினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும், எல்லோரும் போட்டோ எடுக்க வருவார்கள். தலை காட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு முழம் தண்ணீருக்குள் மறைந்து நிற்கும் நாட்களில்தான் படகுக்கு ஆபத்து.

குத்தகை, உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி யாருடையது, மீன் பாசி யாருக்கு ஏலம் போயிருக்கிறது என்று தெரியாமல் யாரும் படகை இறக்காதீர்கள். ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கும். அணை என்றால் மீன்வளத் துறையும் கூட்டுறவுச் சங்கமும். ஊர் ஏரி என்றால் ஏலம் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வருகிறவருக்கு அது விளையாட்டு. குஞ்சு விட்டு, தீனி போட்டு, திருட்டுக்குக் காவல் இருக்கிறவருக்கு அது ஒரு வருடச் சாப்பாடு. கேட்டுவிட்டு இறங்கினால் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள். எங்களுக்கு நீச்சல் தெரியும் என்பார்கள். வலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது. இடுப்பில் ஒரு சின்னக் கத்தி இருக்க வேண்டும், வலையை அறுக்க.

தளி ரோடு எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. டிரம்முக்குள் காலி வாட்டர் பாட்டிலை அடைத்துவிட்டால் ஓட்டை விழுந்தாலும் மிதக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

காவேரிப்பட்டணம் பட்டறை எழுதியது:

எண்ணம் நல்லது, வழி இல்லை. அந்தத் திருகு மூடியின் வாய் 2 அங்குலம்தான், அரை லிட்டர் பாட்டில்கூட உள்ளே போகாது. வேண்டுமானால் பாட்டிலை வெளியே வையுங்கள். மேடைக்கு அடியில், இரண்டு வரிசைக்கும் நடுவே காலி இடம் இருக்கிறது. 2 லிட்டர் பாட்டில் 30-ஐ மூடி இறுக்கி, வெங்காயச் சாக்கில் அடைத்து, குறுக்குக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் 60 கிலோ தாங்கும் ஒரு காப்பு கிடைக்கும்.

தெர்மாகோலை அங்கே வைக்காதீர்கள். மீன் கொத்தும், வெயிலில் உதிரும், உதிர்ந்த மணி ஏரி முழுக்கப் பரவும். பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

டிரம் மூடியில் எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். போதுமா?

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

எம்-சீல், அரால்டைட், சிலிகான் எதுவும் இந்த டிரம்மில் சரியாக ஒட்டாது. டிரம் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், பசைக்குப் பிடி கொடுக்காத வகை. அன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், சூடும் குளிரும் பட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். விரிசல் விழுந்த டிரம்மை அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கித்தான் ஒட்ட முடியும். அதைவிட விரிசல் இல்லாத டிரம்மாகப் பார்த்து வாங்கிவிடுவது மேல்.

மூடிக்கு உள்ளே ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். பழையது காய்ந்திருந்தால் புது வாஷர், திருகில் டெஃப்லான் டேப் நாலைந்து சுற்று, பிறகு இறுக்கம். அவ்வளவுதான். டிரம்மைப் படுக்கவைக்கும்போது இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், இடதும் வலதுமாக வரும்படி திருப்புங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று வைத்தால் கீழ் மூடி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். படுக்கையாக வைத்தால், ஒரு சாண் மட்டுமே முங்கும் உங்கள் படகில் இரண்டு மூடியும் தண்ணீருக்கு மேலே நிற்கும். கசிவு என்ற பேச்சே பெரும்பாலும் முடிந்துவிடும்.

சூடு விஷயம் ஒன்று இருக்கிறது. மத்தியான வெயிலில் கிடந்த டிரம்மின் மூடியை அப்போது இறுக்கித் தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். டிரம்மின் வயிறு உள்ளே ஒடுங்கும், மூடி இடுக்கில் தண்ணீர் இருந்தால் அதையும் உறிஞ்சும். விடிகாலையில், டிரம் குளிர்ந்து கிடக்கும்போது மூடியை இறுக்குங்கள். பகலில் கொஞ்சம் உப்பும், அதனால் கெடுதல் இல்லை.

ஒழுகுகிறதா என்று பார்க்க, டிரம்முக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடிப் புரட்டினாலே தெரிந்துவிடும். கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிக்க வேண்டாம். பஞ்சர் கடையில் கொடுக்கும் அழுத்தத்துக்கு இந்த டிரம் செய்யப்பட்டதில்லை, வெடித்தால் கை போகும்.

காவேரிப்பட்டணம் பட்டறை எழுதியது:

இதோடு சேர்த்து: சதுரக் குழாயின் வாயைத் திறந்து விடாதீர்கள். தண்ணீர் உள்ளே நின்று, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்றுவிடும். தகடு வைத்து அடைக்க வேண்டும். ஜி.ஐ. குழாயில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே ஜிங்க் பெயிண்ட் கட்டாயம். வெல்டு வைக்கும்போது வரும் வெள்ளைப் புகை நெஞ்சைப் பிடிக்கும், திறந்த இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

பலகைக்கு மேல் பெயிண்ட் மட்டும் அடித்தால் நனைந்ததும் வழுக்கும். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு கோட் அடியுங்கள். பலகையின் வெட்டு ஓரத்தில்தான் தண்ணீர் ஏறும், அங்கே இரண்டு மூன்று கோட் கூடுதலாக. ஓரத்தைச் சுற்றி 3 அங்குல உயரத்துக்கு ஒரு கட்டை அடித்துவிடுங்கள். வலை வீசும்போது கண் தண்ணீரில் இருக்கும், கால்தான் ஓரத்தைத் தேடும். கைப்பிடிக் கம்பி வேண்டாம், வலை சுற்றிக்கொள்ளும்.

தளி ரோடு எழுதியது:

பேட்டரி மோட்டார் ஒன்று மாட்டினால் துடுப்பே வேண்டாமே.

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

மாட்டலாம். 100 ஆம்பியர்-மணி லாரி பேட்டரி 30 கிலோ பக்கம் எடை, அதை ஒரு மூலையில் வைத்தால் எதிர்மூலைக்கு ஆள் போக வேண்டும். இயந்திர விசையில் ஓடும் உள்நாட்டுப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் கேட்கும் சட்டம் 2021-இல் வந்திருக்கிறது, மோட்டார் மாட்டுகிறவர் அதை விசாரித்துக்கொண்டு இறங்க வேண்டும். மோட்டார் சத்தத்துக்கு மீனும் விலகும். ஊர் ஏரிக்கு இரண்டு துடுப்பும், 12 அடி மூங்கில் கழி ஒன்றும் போதும். ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றிப் போவதுதான் துடுப்பைவிட வேகம். நிறுத்தி வைக்க, கல் போட்ட சாக்கு இரண்டு, ஆளுக்கொரு மூலையில் கயிற்றோடு. ஒன்று மட்டும் போட்டால் படகு அதைச் சுற்றிச் சுற்றி வரும், வலை வீசும் திசை நிற்காது.

அஞ்செட்டி மலை எழுதியது:

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சானமாவுப் பக்கம் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலம் முடியும் சமயம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கிவரும், ஏரிகளில் நின்று குளிக்கும். இருட்டு பிரியும் முன்னால் படகில் ஏறாதீர்கள். நன்றாக வெளிச்சம் வந்து, எதிர்க்கரையை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திட்டம் முடிவாகிவிட்டது: நீல டிரம் 4, 6 அடி அகலச் சட்டம், நடுவில் 4 அடிப் பலகை, பெல்ட் கட்டு, அடியில் பாட்டில் சாக்கு, துடுப்பும் கழியும். இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிவிடுகிறேன். ஓசூரில் பழைய டிரம் வாங்கப் போகிறேன், அங்கே என்ன பார்த்து வாங்க வேண்டும்? ஏரியில் முதலில் இறக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

சிப்காட் ஷிப்ட் எழுதியது:

டிரம்மில் முன்னால் என்ன வந்தது என்று கேளுங்கள். ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். லேபிளைக் கிழித்திருந்தாலோ கடைக்காரர் சொல்ல மறுத்தாலோ அந்த டிரம் வேண்டாம். ஆசிட், கரைப்பான், பூச்சி மருந்து வந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். கழுவினால் போய்விடும் என்பார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? நீங்கள் குஞ்சு விட்டிருக்கும் ஏரிக்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றவே முடியாது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவன் நான், அதனால் இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணெய், குளுக்கோஸ் பாகு, சோப்பு மூலப்பொருள் வந்த டிரம் கிடைக்கும், கொஞ்சம் தேட வேண்டும். அடியில் வெள்ளைக் கோடு மாதிரி வெயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இறக்கும் அன்று ஆள் ஏறுவதற்கு முன்னால் எடை ஏற்றிப் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனில் 12 நிரப்பி மேடையில் வைத்தால் 240 கிலோ, நீங்களும் தம்பியும் வலையும் சேர்ந்ததைவிட ஒன்றரை மடங்கு. இடுப்பளவு தண்ணீரில், கரைக்குப் பக்கத்தில், மாலை வரை அப்படியே நிற்கட்டும். பிறகு 5 கேனை இறக்கிவிட்டு, மீதி 7-ஐயும் ஒரு பக்க ஓரத்துக்கு நகர்த்துங்கள், நீங்கள் இருவரும் ஒரே ஓரத்தில் நிற்பதற்குச் சமம். பாதி டிரம்முக்கு மேல் முங்கக் கூடாது. கேன்களை இறக்கி, படகைக் கரையேற்றி, ஒவ்வொரு டிரம்மையும் கையால் ஆட்டிக் கேளுங்கள். உள்ளே சலசலப்பு இல்லை என்றால் மறுநாள் வலையோடு ஏறலாம்.

நாகமரைக் கரை எழுதியது:

பெல்ட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறும் முன்னால் இழுத்துப் பார்த்துவிடு தம்பி. கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.